நுவரெலியாவின் கறுப்பு பீர்

வெளியூர் ஒயின் ஷாப் ஆனாலும் நம்மூர் டாஸ்மாக் ஆனாலும், இந்தியாவில் விற்கும் பீரில் பெரும்பகுதி ‘ஸ்ட்ராங்’ ரகம்தான். சட்டப்படி 5 சதவீதத்துக்கு மேல் 8 சதவீதம் வரை ஆல்கஹால் இருந்தால் அது ஸ்ட்ராங். இவற்றில் பலவற்றுக்கு பார்லி மால்ட்டுடன் அரிசியோ மக்காச்சோளமோ சர்க்கரையோ சேர்க்கிறார்கள். சர்க்கரையை ஈஸ்ட் முழுக்கத் தின்றுவிடும். போதை ஏறும், நாக்கில் எதுவும் தங்காது.

அதே அளவு போதையும் அடர்ந்த சுவையும் சேர்ந்த பீர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையின் லயன் ஸ்டௌட். ஏற்றுமதிப் புட்டியில் 8.8 சதவீதம். பின்னாளில் ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியைக் கண்டு பெயரிட்ட சாமுவேல் பேக்கர், 1849இல் நுவரெலியாவில் தொடங்கிய மதுவடிப்பிலிருந்து வளர்ந்த மரபு இது. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேலான அந்த உயரத்தின் குளிர், குளிர்பதன இயந்திரம் இல்லாத காலத்தில் பீர் காய்ச்சுவோருக்குப் பெரிய வரம். 1990களின் பிற்பகுதியில் ஆலை கொழும்பை ஒட்டிய பியகமவுக்கு இறங்கிவிட்டது. கண்டியில் ஒரு காலத்தில் இதை மரப் பீப்பாயிலிருந்து கைப்பம்பால் இறைத்து ஊற்றினார்கள். இங்கிலாந்தின் பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் இதை உலகுக்கு எடுத்துச் சொன்னார்.

வலுவான பீர் காய்ச்சுவது ஏன் கடினம்? மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து இறக்கும் இனிப்புச் சாற்றை ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றுகிறது. சாதாரண பீருக்கு அந்தச் சாறு தண்ணீரைவிட ஏறக்குறைய 5 சதவீதம் அடர்த்தி கூடியது, 8.8ஐ எட்ட 8 சதவீதத்துக்கும் மேல் வேண்டும். இவ்வளவு இனிப்பு ஈஸ்ட் செல்லிலிருந்து நீரை உறிஞ்சிவிடும். அதைத் தாக்குப்பிடித்தாலும், தான் உண்டாக்கும் ஆல்கஹாலே செல்லின் சவ்வை அரிக்கத் தொடங்கும். அதனால் தொடக்கத்திலேயே ஈஸ்ட்டைத் தாராளமாகப் போட்டு, சாற்றில் காற்றையும் கலக்கிறார்கள். சவ்வை உறுதியாக்கும் ஸ்டெரால்களை உருவாக்க ஈஸ்ட்டுக்கு ஆக்சிஜன் தேவை. அவசரப்பட்டால் நொதித்தல் பாதியில் நின்றுபோகும். வெப்பம் கூடினால் நெயில் பாலிஷ் நீக்கியின் நெடி வந்துவிடும். கருக வறுத்த மால்ட்தான் கறுப்பு நிறத்தையும் காபி, சாக்லேட் வாசத்தையும் தருகிறது.

ஈஸ்ட்டின் தாங்குதிறன் இருபது சதவீதத்தைச் சுற்றியே முடிந்துவிடுகிறது. பயிற்றுவித்த ஈஸ்ட்டைக் கொண்டு அமெரிக்காவின் சாமுவேல் ஆடம்ஸ் யூட்டோபியாஸ் 30 வரை போயிருக்கிறது. அதற்கு மேல் போனவர்கள் பீரை உறையவைத்தார்கள். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஆல்கஹால் திரவமாகவே நிற்கும். கட்டியை எடுத்துவிட்டால் மிச்சம் வலுத்துவிடும். ஜெர்மனியின் ஐஸ்பாக் வகை இப்படிப் பிறந்ததுதான். ஸ்காட்லாந்தின் ப்ரூடாக் 2010இல் இதே வழியில் 55 சதவீதத்தைத் தொட்டது. அதை நான் சாராயமாகத்தான் எண்ணுவேன். ஈஸ்ட்டின் உழைப்பில் விளைந்த 8.8க்கு இருக்கும் மதிப்பு அந்த 55க்கு இல்லை.

லயன் ஸ்டௌட்டை ஐஸ் போலக் குளிரவைத்தால் காபி வாசம் அடங்கிவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்து, சிறிய கிளாஸில் ஊற்றிப் பொறுமையாகக் குடிக்க வேண்டிய பீர் அது.