ராத்திரி வெக்கையை வெளியே தள்ளுங்கள்!

கத்திரி வெயில் பிறந்துவிட்டால் ஆரணியில் என்னிடம் வரும் நெசவாளர்கள் பலருக்கும் ஒரே குறைதான்: நீர்க்கடுப்பு, கண் எரிச்சல், கிறுகிறுப்பு. கொசப்பாளையத்துத் தறிக்காரர் ஒருவரிடம், "ராத்திரி தூங்குறீங்களா?" என்று கேட்டேன்.

"எங்கய்யா தூங்கறது? ஃபேன் போட்டா அனல்தான் அடிக்குது. விடியற நேரத்துலதான் கண்ணு சொக்கும். அப்ப தறியில உக்காரணும்" என்றார்.

தூக்கம் கெட்டால் பித்தம் ஏறும். அதற்கு நான் சூரணம் மட்டும் கொடுத்து என்ன பயன்?

ஓட்டு வீடு போய் கான்கிரீட் தளம் வந்துவிட்டது. பகலெல்லாம் குடித்த வெயிலை அது ராத்திரி முழுக்க வீட்டுக்குள் கக்குகிறது. மேலே சுற்றும் ஃபேன் அறைக்காற்றைக் குளிரவைப்பதில்லை. வியர்வையை உலர்த்தி உடம்பைத்தான் குளிர்விக்கிறது. காற்றின் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஃபேனே உடம்பைச் சூடாக்கிவிடும் என்று உலக சுகாதார நிறுவனமும் எச்சரிக்கிறது.

ஆனால் பத்து மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள், காற்று சில்லென்று இருக்கும். அதை உள்ளே இழுப்பதுதான் வழி. அமெரிக்காவில் இதற்கென்றே வீட்டின் உட்கூரையில் பெரிய விசிறி வைக்கிறார்கள். நமக்கு, சுவரின் உச்சியில் ஒரு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் போதும். மாடிப்படி உச்சிச் சுவர் கிடைத்தால் ரொம்ப நல்லது. சூடான காற்று அங்கேதான் போய் நிற்கும்.

எவ்வளவு பெரியது? கடைக்காரர் "இத்தனை இஞ்ச்" என்பார். அதை நம்பி வாங்காதீர்கள். ஒரே அளவு இறக்கையானாலும் சுற்றும் வேகத்துக்குத் தக்கபடி காற்று மாறும். 30 அடி நீளம், 15 அடி அகலம், 10 அடி உயரமுள்ள கூடம் என்றால் 4,500 கன அடி. மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை அந்தக் காற்று முழுதும் மாற வேண்டும் என்று வையுங்கள். மணிக்கு 90,000 கன அடி. 35-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2,570 கன மீட்டர். பெட்டியில் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று போட்டிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். மாட்டிய பிறகு அவ்வளவும் வராது. 3,000 உள்ளதாக வாங்கலாம். சமையலறைக்கு வாங்கும் சின்ன விசிறி இதற்குக் காணாது. நம் தறிக்காரர் முதலில் அதைத்தான் மாட்டிவிட்டு, "ஒண்ணும் பிரயோசனமில்லீங்க" என்றார்!

எதிர்ப்பக்க ஜன்னல் நாலு சதுர அடியாவது திறந்திருக்க வேண்டும். கொசுவலை இருந்தால் எட்டு. எல்லாவற்றையும் சாத்திவிட்டு விசிறி போட்டால் காற்று வராது. அதோடு, விறகடுப்புப் புகையும், கேஸ் கீசர் கக்கும் விஷவாயுவும் வீட்டுக்குள்ளேயே திரும்பும். இது உயிருக்கே ஆபத்து. கழிவறை, சாயப்பட்டறைப் பக்கத்து ஜன்னலை மட்டும் சாத்தியே வையுங்கள்.

பகலில் இந்த விசிறி வேண்டாம், வெளி அனலைத்தான் இழுக்கும். காலையில் ஜன்னலையும் விசிறியின் ஷட்டரையும் மூடிவிடுங்கள். ஷட்டர் இல்லாவிட்டால் அணில் குடிவரும்! காற்று நேராகத் தறி மேல் பாயாதபடி ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள். பட்டுப் பாவு காய்ந்தால் இழை அறுந்துபோகும்.

வெளியிலும் காற்றே இல்லாமல் புழுங்கும் ராத்திரிகளில் இது அவ்வளவாக உதவாது. அன்றைக்கு ஈரத்துணியும் மோரும்தான். யாருக்காவது உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்காதீர்கள். உடம்பை நனைத்து விசிறிவிடுங்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.