புண்ணுக்கு வந்தது சாரக்கட்டு. தங்கவயல் நுரையீரலுக்கு எப்போது?

புது தில்லி: சிதைந்த திசுவை மீண்டும் வளரச் செய்ய இயற்கைப் பொருள்களைச் சாரக்கட்டாகப் பயன்படுத்தும் மருத்துவம் இந்தியாவில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால், பாறைத் தூசியால் நுரையீரல் கெட்டுப்போன கோலார் தங்கவயல் தொழிலாளர்களுக்கு அது கைகொடுக்கும் நிலை இன்னும் ஏற்படவில்லை.

கட்டடம் எழும்பும்வரை சாரம் தாங்குவதுபோல, புதிய செல்கள் பற்றி வளர நுண்துளைகள் கொண்ட தளம் தேவை. திசு வளர வளர அது கரைந்துவிட வேண்டும். பன்றியின் பித்தப்பையிலிருந்து செல்களை நீக்கி, திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய 'கோலிடெர்ம்' என்ற காயச் சாரக்கட்டுக்கு 2023-ல் மத்திய அரசின் ஒப்புதல் கிடைத்தது. கோலார் மாவட்ட விவசாயிகளுக்குப் பழக்கமான பட்டுக்கூடும் இத்தகைய மூலப்பொருளே. அதன் பசையை அகற்றி, எஞ்சும் ஃபைப்ராயின் புரதத்திலிருந்து பஞ்சு போன்ற சாரக்கட்டுகள் தயாரிக்கப்படுகின்றன.

நுரையீரலின் நிலை வேறு. உள்ளே சென்ற சிலிக்காத் துகளை விழுங்கும் பாதுகாப்புச் செல்கள் மடிகின்றன, துகள் அழிவதில்லை. தொடரும் அழற்சியால் கொலாஜன் புரதம் மிகுந்து, நுரையீரல் தழும்பேறி இறுகுகிறது. புண்ணை ஆற்றும் அதே கொலாஜன் இங்கு மூச்சை அடைக்கிறது. 2010-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் செல் நீக்கிய எலி நுரையீரலில் புதிய செல்களை வளர்த்துப் பொருத்தியபோது, அது சில மணி நேரமே இயங்கியது.

சுமார் 3 கி.மீ. ஆழம்வரை இறங்கிய தங்கவயல் சுரங்கங்களில் வட ஆற்காட்டிலிருந்து சென்ற தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக உழைத்தன. 1940-களின் ஆய்வொன்றில், பரிசோதிக்கப்பட்டோரில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் கண்டறியப்பட்டது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. ஒரு காலத்தில் தங்கவயலில் ஆய்வகம் நடத்திய தேசியச் சுரங்கத் தொழிலாளர் நல நிறுவனம், 2019-ல் ஆமதாபாத் நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது.

தங்கவயலின் 13 கழிவுமண் மேடுகளில் மீண்டும் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு அளித்தது. நுரையீரலுக்குச் சாரக்கட்டு வரும்வரை, தூசியைத் தடுப்பதும் பாதிக்கப்பட்டோருக்கு நிவாரணம் வழங்குவதுமே வழி. ராஜஸ்தான் அரசு 2019-ல் தனிக் கொள்கை வகுத்து, நோய் உறுதியானதும் 3 லட்சம் ரூபாயும் இறப்புக்குப் பின் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் வழங்க முன்வந்தது. மண்மேட்டைக் கிளறத் திட்டமிடும் அரசுகள், அதன் அருகே வாழ்வோரின் மூச்சுக்கும் அதே அளவு அக்கறையுடன் திட்டமிட வேண்டியது அவசியம்.