அட்ரீனல் சுரப்பியைக் காப்பது எப்படி?

காலையில் எழும்போதே அசதி, பிற்பகலில் தலை சாய்த்தால் போதும் என்னும் சோர்வு, ஓயாத மனக்கலக்கம். இவற்றைக் கூறி, "எனக்கு அட்ரீனல் களைப்பு இருக்குமோ?" என்று கேட்போர் எங்கள் புறநோயாளிகள் பிரிவில் பெருகி வருகின்றனர். அலைபேசியில் வந்த காணொளியையும், அதில் பரிந்துரைக்கப்பட்ட மாத்திரைப் புட்டியின் படத்தையும் சிலர் காட்டுகின்றனர். ஆகவே, லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டார மக்களுக்காக இச்சுரப்பியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

ஒவ்வொரு சிறுநீரகத்தின் மேலும் தொப்பி போல் ஓர் அட்ரீனல் சுரப்பி அமர்ந்துள்ளது. பாடநூல்கள் இதனை அண்ணீரகச் சுரப்பி என்று குறிப்பிடும். ஒன்றின் எடை நான்கைந்து கிராம் மட்டுமே. இதன் உட்பகுதி அட்ரினலினைச் சுரக்கிறது. தெருநாய் துரத்தும்போது நெஞ்சு படபடப்பதும் கால்கள் விரைவதும் அதனால்தான். வெளிப்பகுதியான புறணியோ உயிருக்கே இன்றியமையாதது. அதில் சுரக்கும் ஆல்டோஸ்டீரோன் உடலில் உப்பைத் தக்கவைக்கிறது. கார்டிசால் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தாங்கிப் பிடிக்கிறது. காய்ச்சல், விபத்து, அறுவை சிகிச்சை ஆகியவை நேரும்போது நலமான சுரப்பி தானாகவே கார்டிசாலைப் பன்மடங்கு கூட்டித் தரும். இந்த ஒரு செய்தியை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். பின்னர் கூறவிருப்பவை யாவும் இதனைச் சார்ந்தவை.

வேலைப் பளுவாலும் கவலையாலும் இச்சுரப்பி தளர்ந்துவிடுகிறது என்பதே 'அட்ரீனல் களைப்பு' என்னும் கருத்து. பிரேசில் நாட்டு ஆய்வாளர் இருவர் 58 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, அப்படி ஒரு நோய் இருப்பதற்குச் சான்று இல்லை என்று 2016-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். களைப்பு பொய்யன்று, அதற்குச் சூட்டப்பட்ட பெயரே பொய். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, சர்க்கரை நோய், குறட்டையோடு கூடிய உறக்கக் குறைபாடு, மனச்சோர்வு என உண்மையான காரணங்கள் பல உள்ளன. புட்டியில் விற்கும் 'அட்ரீனல் ஊட்ட' மாத்திரைகளும் தீங்கற்றவை அல்ல. அமெரிக்காவில் அத்தகைய 12 வகை மாத்திரைகளைச் சோதித்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டபோது, அனைத்திலும் தைராய்டு இயக்குநீரும், பெரும்பாலானவற்றில் ஸ்டீராய்டும் கலந்திருந்தமை தெரியவந்தது.

சுரப்பி மெய்யாகவே செயலிழக்கும் நோயும் உண்டு. 1855-இல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் அதனை விவரித்தார். அவர் கண்ட நோயாளிகள் பலருக்குக் காசநோயே காரணமாக இருந்தது. நம் நாட்டில் இன்றும் காசநோய் அதன் முக்கியக் காரணங்களுள் ஒன்று. காரணமின்றி எடை குறைதல், எழுந்து நின்றால் தலைசுற்றல், ஓயாத குமட்டல், உப்பின் மீது மிகுந்த நாட்டம், ஈறுகளும் உள்ளங்கை ரேகைகளும் கருத்தல் ஆகியவை சேர்ந்து வந்தால் தாமதிக்கலாகாது. காலை எட்டு மணியளவில் எடுக்கும் கார்டிசால் இரத்தப் பரிசோதனையே முதற்படி. உரிய மாத்திரையை நாள்தோறும் உட்கொண்டால் இயல்பாக வாழலாம். அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த ஜான் கென்னடிக்கு இந்நோய் 1947-இலேயே கண்டறியப்பட்டிருந்தது.

எனினும் அடிசன் நோய் அரிது. நாங்கள் அஞ்சுவது மற்றொன்றை. ஆஸ்துமா, மூட்டுவாதம், தோல் நோய், சிறுநீரக நோய் ஆகியவற்றுக்காகப் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகளைப் பலரும் உட்கொள்கின்றனர். மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் அவ்வாறு உட்கொண்டால், வெளியிலிருந்து போதுமான அளவு வருகிறதே என்று மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தன் ஏவலை நிறுத்திவிடும். ஏவல் இல்லாத அட்ரீனல் சுரப்பி சுருங்கி உறங்கும். "உடம்பு தேறிவிட்டது, இனி எதற்கு மாத்திரை?" என்று ஒரே நாளில் நிறுத்தினால், உறங்கும் சுரப்பி உடனே விழித்தெழாது, அதற்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் ஒரு சாதாரணக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கூட இரத்த அழுத்தத்தைச் சரித்து உயிருக்கு ஆபத்தை உண்டாக்கும். மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்குமாறு மருத்துவர் சொல்வதன் பொருள் இதுவே.

தாம் ஸ்டீராய்டு உட்கொள்வதை அறியாதோரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கொடிக்காலில் குனிந்து நிமிர்ந்து மூட்டு தேய்ந்தவருக்கு, உட்பொருள் எதுவும் அச்சிடப்படாத பொட்டலத்தில் ஒரு பொடி கிடைக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிடுகிறது. பச்சிலையின் மகிமை என்று அவர் நம்புகிறார். சில மாதங்களில் முகம் வட்டமாக உப்பி, வயிறு பெருத்து, கைகால் மெலிந்து, சர்க்கரை ஏறினால் அப்பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என ஐயுற வேண்டும். அதையும் சட்டென நிறுத்தாமல், பொட்டலத்தோடு எங்களிடம் வாருங்கள். யாரும் கடிந்துகொள்ள மாட்டோம். உடல் பூசுவதற்கெனத் தரப்படும் பெயர் தெரியாத மாத்திரைகளுக்கும் இதுவே பொருந்தும். முகம் வெளுக்கப் பூசும் களிம்புகள் சிலவற்றிலும் வீரியமான ஸ்டீராய்டு உண்டு. மருத்துவச் சீட்டின்றி அத்தகைய களிம்புகளை விற்பதற்கு 2018-இல் நடுவண் அரசு தடை விதித்தது.

இயற்கை வழி எதுவும் இல்லையா என்று கேட்கலாம். கார்டிசாலுக்கு ஒரு நாள்முறை உண்டு: விடியலில் உயர்ந்து, நள்ளிரவில் தாழும். நேரத்தோடு உறங்கி நேரத்தோடு எழுவதே அதற்கு உகந்தது; செலவும் இல்லை. மூலிகைகளில் கவனம் தேவை. இருமலுக்கு ஒருநாள் வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரத்தை, 'அட்ரீனலுக்கு நல்லது' என்று நாள்தோறும் அருந்தினால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். அமுக்கராவால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. எதுவாயினும், அடிசன் நோயாளி தம் மாத்திரைக்கு மாற்றாக எந்த மூலிகையையும் கொள்ளலாகாது.

ரமலான் நோன்பைப் பற்றி நம் ஊரில் பேசாதிருக்க இயலாது. நலமான சுரப்பிக்கு நோன்பால் கேடில்லை. சுரப்பி செயலிழந்தோரும், நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்வோரும் ரமலானுக்குச் சில வாரங்கள் முன்னரே மருத்துவரைக் காண வேண்டும். பகலில் பிரித்துண்ணும் மாத்திரைக்கு மாற்றாக, ஸஹர் நேரத்தில் ஒருமுறை மட்டும் உட்கொள்ளும் நெடுநேர மாத்திரையைச் சிலருக்குத் தர இயலும். வேறு சிலரை நோன்பைத் தவிர்க்கவே சொல்வோம். நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையை உள்ளூர் ஆலிம்கள் விளக்குவர். நோன்பிருக்கையில் மயக்கமோ வாந்தியோ காய்ச்சலோ கண்டால் அக்கணமே நோன்பை முறித்துவிட்டு மாத்திரை உட்கொள்ள வேண்டும்.

மற்ற நாட்களிலும் காய்ச்சல் வந்தால், மருத்துவர் எழுதித் தந்துள்ளபடி மாத்திரையை இருமடங்கோ மும்மடங்கோ ஆக்க வேண்டும். மாத்திரை வயிற்றில் தங்காமல் வாந்தியானால் வீட்டில் காத்திராமல் அருகிலுள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள். ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசியும் உப்புநீர் ஏற்றுதலும் உடனே தேவைப்படும். 'இவர் ஸ்டீராய்டு சார்ந்தவர்' என்று எழுதிய அட்டை சட்டைப்பையில் இருந்தால், மயங்கிய நிலையிலும் அது உங்களுக்காகப் பேசும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கும்போதும் சொல்லுங்கள். அம்மருந்து கார்டிசாலை விரைவில் கரைத்துவிடுவதால் அளவைக் கூட்ட நேரிடும். ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை எல்லாக் கடைகளிலும் எப்போதும் கிடைப்பதில்லை. ஆதலால் இரண்டு வார இருப்பு வீட்டில் இருக்கட்டும். வளைகுடா நாடுகளுக்குப் பணிக்குச் செல்வோர் மருந்தின் பொதுப்பெயர் எழுதிய மருத்துவச் சீட்டோடு, மாத்திரைகளைப் பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே எடுத்துச் செல்லவும்.