கருவுற்ற தாயும் குருதியில் ஓடும் சர்க்கரையும்

என் தமக்கையார்க்குத் தலைப்பிள்ளை பிறந்தபொழுது அதன் எடை 4½ கிலோ. தெரு முழுவதும் கற்கண்டு வழங்கினோம். அந்தப் பருமன் ஓர் எச்சரிக்கை என்பதை வீட்டில் ஒருவரும் அறிந்திலோம். கல்லூரி மாணவனாக இருந்த நானும் அறிந்திலேன். எட்டு ஆண்டுகள் சென்றபின் அவருக்கு நீரிழிவு என்று தெரிந்தது. அதற்குள் மருத்துவம் பயின்று முடித்திருந்த நான், அன்றுதான் அவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன்.

மாணவ நண்பர்களே, கருவுற்ற தாயின் உடலில் நிகழ்வது ஒரு நீர்ப் பங்கீடு போன்றது. மேல்மடை வயல்கள் வேண்டிய மட்டும் நீரை இழுத்துக்கொண்டால் கடைமடைக்கு ஒன்றும் எட்டாது. தாயின் தசைகள் மேல்மடை. கருப்பையிலுள்ள சேய் கடைமடை. குருதியிலுள்ள சர்க்கரையைத் தசைக்குள் புகவிடும் மடைகாவலன் இன்சுலின். கருக்காலத்தின் பிற்பாதியில் நஞ்சுக்கொடி சில ஹார்மோன்களைத் தாயின் குருதியில் கலக்கிறது. அவற்றால் தசைகள் இன்சுலினின் கட்டளைக்கு முன்போல் பணிவதில்லை. பேறுகாலம் நெருங்கும்போது இன்சுலினின் ஆற்றல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. சேய்க்கு உணவு ஒதுக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. நலமுள்ள தாயின் கணையம் முன்னிலும் இரண்டு மூன்று மடங்கு இன்சுலினைச் சுரந்து நிலைமையைச் சமாளிக்கிறது.

எல்லாக் கணையங்களுக்கும் அது இயல்வதில்லை. இங்கேதான் அழற்சி என்பது வந்து சேர்கிறது. காலில் முள் தைத்த இடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. செல்சஸ் என்னும் ரோமானிய அறிஞர் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்நான்கு அடையாளங்களையும் எழுதிவைத்தார். ஆனால் இவற்றுள் ஒன்றேனும் வெளித்தெரியாத மெல்லிய அழற்சியும் உண்டு. கொழுப்பை வெறும் பண்டகசாலை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். பருத்த எலிகளின் கொழுப்புத் திசு, 'கட்டி நசிவுக் காரணி' என்னும் அழற்சிப் பொருளைச் சுரப்பதையும், அது இன்சுலினின் வேலையைத் தடுப்பதையும் 1993இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். நஞ்சுக்கொடியும் அதே பொருளைச் சுரக்கிறது. கருவுற்ற பெண்களிடம் இன்சுலினின் ஆற்றல் குறைவதற்கும் இப்பொருள் மிகுவதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்று 2002இல் வெளிவந்த ஆய்வொன்று கூறியது. பின்வந்தவை எல்லாம் அதே உறுதியுடன் கூறவில்லை. அழற்சி முழுவதும் தீமை என்றும் எண்ணிவிடலாகாது. கரு, கருப்பையின் சுவரில் பற்றுவதற்கே ஓரளவு அழற்சி வேண்டும். வயிற்றுக் கொழுப்பால் முன்னரே உடலில் அழற்சி புகைந்துகொண்டிருக்க, அதன்மேல் கருக்காலத்தின் சுமையும் ஏறும்போதுதான் கணையம் தோற்கிறது, சர்க்கரை உயர்கிறது.

உயர்ந்த சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து சேயை அடைகிறது. தாயின் இன்சுலின் கடப்பதில்லை. ஆகவே சேயின் சின்னஞ்சிறு கணையமே மிகுதியாகச் சுரக்கிறது, சேய் கொழுக்கிறது. கோபன்ஹேகன் நகர மருத்துவர் பெடர்சன் 1950களில் தந்த விளக்கம் இது. தொப்புள்கொடியை அறுத்ததும் சர்க்கரை வரத்து நிற்கிறது. இன்சுலினோ உடனே குறைவதில்லை. அதனால் கொழுகொழுவென்ற அக்குழந்தைக்கே முதல் நாளில் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடக்கூடும்.

'நான் மெலிந்தவள், எனக்கென்ன' என்று சொல்வோரும் உளர். புனே நகரை அடுத்த சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்டன் குழந்தைகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2003இல் வெளிவந்தது. நம் குழந்தைகள் எடையில் மிகக் குறைந்திருந்தனர்; தசையும் குறைவு. கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. கண்ணுக்கு மெலிவாகத் தோன்றுவது கொழுப்பின்மைக்குச் சான்றாகாது.

இந்நோய்க்குப் பெரும்பாலும் அறிகுறி இல்லை; சோதித்தே அறிய வேண்டும். சென்னை மருத்துவர் வீ. சேஷய்யாவும் அவர்தம் குழுவினரும் பரப்பிய முறை எளிது. எப்பொழுது உண்டிருந்தாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸை நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து, 100 மில்லிலிட்டருக்கு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ சர்க்கரை இருந்தால் நோய் உண்டு. வெறும் வயிற்றோடு பேருந்து ஏறி வர இயலாத கிராமத்துப் பெண்ணை எண்ணிப் பாருங்கள்; இம்முறையின் அருமை விளங்கும். கருவுற்றதும் ஒருமுறை, 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுமுறை சோதித்தல் வேண்டும்.

நோய் கண்டால் பலருக்கு அளவான உணவும் நடையுமே போதும். சிலருக்கு மருந்தோ இன்சுலினோ வேண்டியிருக்கும். 'இரண்டு உயிருக்குச் சாப்பிடு' என்று நம் பாட்டிமார் கூறுவது அன்பினால். கூடுதலாக வேண்டுவதோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 350 கலோரிதான். மூன்று இட்லியும் ஒரு குவளைப் பாலும் அதற்கு ஈடாகும்.

பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி நீங்கியதும் பெரும்பாலோர்க்குச் சர்க்கரை தணிந்துவிடும். அத்தோடு எல்லாரும் மறந்துவிடுகிறோம். இவ்வாறு ஒருமுறை உயர்ந்தவர்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்க்கு உள்ளதைப்போல் ஏழு மடங்குக்குக் குறையாது. ஆறாம் வாரத்தில் ஒருமுறையும் பின்னர் அவ்வப்போதும் சோதித்துக்கொண்டால் முன்கூட்டியே தடுக்க வழியுண்டு. என் தமக்கையாரை அவ்வாறு அழைத்துச் செல்ல வீட்டில் யார்க்கும் தோன்றவில்லை.

அன்று 4½ கிலோவாகப் பிறந்தவனின் மனைவி இப்பொழுது கருவுற்றிருக்கிறாள். சென்ற மாதம் குளுக்கோஸ் நீரைக் குடிக்க முகம் சுளித்தாளாம். பக்கத்தில் அமர்ந்து குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரமும் உடன் காத்திருந்தவர் என் தமக்கையார். முடிவு 128 என்று வந்தது. 'இன்னொரு முறை எப்போது?' என்று தாதியிடம் அவரே கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தார்.