இரண்டே கதவுகள்

2014இல் பள்ளிப் படிப்பை முடித்தபோது, ஹார்வர்டு பல்கலைக்கழகப் பெண்கள் நீச்சல் அணியில் ஸ்கைலர் பெய்லருக்கு இடம் காத்திருந்தது. ஒலிம்பிக் தங்கம் வென்ற கேட்டி லெடெக்கியோடு ஒரே ரிலே அணியில் நீந்தியவர். ஆனால் அவர் போனது ஹார்வர்டுக்கு அல்ல. உணவுண்ணல் கோளாறுக்காக மயாமியிலுள்ள ஒரு சிகிச்சை மையத்துக்கு. தான் ஒரு திருநம்பி என்று அவர் தனக்கே ஒப்புக்கொண்டதும் அந்தக் காலத்தில்தான்.

சிறு வயதிலிருந்து நீந்திப் பழகிய உடம்பு. உடற்பயிற்சி மனதுக்கு மருந்து என்றால் அவருக்கு நோயே வந்திருக்கக் கூடாது.

மருந்துதான், சந்தேகமில்லை. 1999இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஐம்பது வயதைத் தொட்ட அல்லது தாண்டிய, மனச்சோர்வுள்ள 156 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மாத்திரை, இன்னொன்றுக்கு உடற்பயிற்சி, மூன்றாவதற்கு இரண்டும். பதினாறு வாரம் கழித்து மூன்று குழுக்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தன.

பால்புதுமை மாணவர்களுக்குச் சிக்கல் மருந்தில் இல்லை, அது கிடைக்கும் இடத்தில் இருக்கிறது. பல கல்லூரி ஜிம்களில் ‘ஆண்கள்’, ‘பெண்கள்’ என்று இரண்டே கதவுகள். ட்ரெட்மில்லில் ஓடுவது அரை மணி நேரம் என்றால், உடை மாற்றும் அறை எப்போது காலியாகும் என்று ஷூ லேசை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக உட்கார்ந்திருப்பது கால் மணி நேரம். ‘சிறுபான்மையர் அழுத்தம்’ பற்றி 2003இல் விரிவாக எழுதிய ஆய்வாளர் இலான் மேயர் சொல்வதும் இதைத்தான்: அவமானம் நடந்தால் மட்டுமல்ல, நடந்துவிடுமோ என்று காத்திருப்பதே மனதை அரிக்கும்.

சிகிச்சைக்குப் பின் ஹார்வர்டு வந்த பெய்லருக்கு நல்ல பயிற்சியாளர்கள் வாய்த்தார்கள். பெண்கள் அணி, ஆண்கள் அணி இரண்டுமே அவருக்கு இடம் தரத் தயாராக இருந்தன. பெண்கள் அணியில் பதக்கங்களுக்கு வாய்ப்பு அதிகம்; ஆண்கள் அணியில் கடைசியாக வரவும் வேண்டியிருக்கலாம். 2015இல் அவர் ஆண்கள் அணியைத் தேர்ந்தெடுத்தார். மற்ற விளையாட்டுகளில் ஜெர்சிக்குள் உடம்பை ஒளித்துக்கொள்ளலாம். நீச்சலில் அந்த வசதி கிடையாது. மார்பு அறுவைச் சிகிச்சையின் தழும்புகள் அத்தனை பேருக்கும் தெரிய, சின்ன நீச்சல் உடையோடு குளக்கரையில் நின்றார். 2019இல் பட்டம் பெறும்வரை நான்கு பருவங்கள் அந்த அணிக்காக நீந்தினார்.

ஆண்கள் அணி என்ற அந்தக் கதவு திருநம்பிகளுக்கு இன்றும் திறந்திருக்கிறது. திருநங்கை மாணவிகளின் நிலை வேறு. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. 2025 பிப்ரவரியில் விதியை மாற்றியது. அதன்படி அவர்கள் பெண்கள் அணியோடு பயிற்சி செய்யலாம். போட்டி நாளன்று தோழிகள் குளத்தில் குதிக்கும்போது இவர்கள் கரையில்தான்.