இலையுதிர் காலமும் இருப்புப் பாதையும்

சென்ற தவணையில் "பருவ காலங்கள்" என்னும் தலைப்பில் கட்டுரை எழுதுமாறு என் வகுப்பு மாணவர்களைப் பணித்திருந்தேன். ஒரு மாணவன் இவ்வாறு எழுதியிருந்தான்: "சிங்கப்பூரில் இலையுதிர் காலம் இல்லை. இலைகள் சிவந்து உதிர்வதைக் காண வேண்டுமானால் ஜப்பானுக்குச் சென்று இரயிலில் ஏற வேண்டும்." தமிழில் பிழையொன்றும் இல்லை. ஆயினும் அதற்குச் சரிக்குறி இட என் கை எழவில்லை. அவன் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழே நாட்டு வாதுமை மரம் ஒன்று நிற்கிறது. அவ்வாரம் அதன் இலைகளில் பாதி செக்கச் சிவந்திருந்தன. அவன் பாட்டியாரோ ஜோகூர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். இலையுதிர் காலம் இன்னதென்று அவரைவிட நன்கு அறிந்தவர் அவ்வீட்டில் எவரும் இலர். இந்த இரண்டும் அவன் கட்டுரையில் இடம்பெறவில்லை. அது அவன் குற்றமா, நம் குற்றமா என்பதே என்னை எழுதத் தூண்டிய வினா.

ஜப்பானியர் காட்டும் வழி

அவன் ஜப்பானைக் குறிப்பிட்டது பொருத்தமே. கியோட்டோ நகரின் மேற்கே சகானோ என்னும் இடத்தில் ஓர் உல்லாச இரயில் ஓடுகிறது. அதன் பாதை 7.3 கிலோமீட்டர்; பயணம் ஏறத்தாழ 25 நிமிடம். ஹோசு ஆற்றின் பள்ளத்தாக்கை ஒட்டி அது மெல்லச் செல்லும். நவம்பர் மாதத்தில் இருகரை மலைகளிலும் மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்கும். செவ்விலைகளைத் தேடிச் சென்று காண்பதற்கென்றே "மொமிஜிகாரி" என்னும் தனிச் சொல்லும் ஜப்பானிய மொழியில் உண்டு. "செவ்விலை வேட்டை" என அதனைத் தமிழாக்கலாம்.

அந்தப் பாதை உல்லாசத்திற்கென இடப்பட்டதன்று. பழைய முதன்மை இரயில் பாதையின் ஒரு பகுதியே அது. மலையைக் குடைந்து நேர்ப்பாதை அமைக்கப்பட்டதும், 1989இல் பழைய தடம் கைவிடப்பட்டது. 1991இல் அதனையே செப்பனிட்டு, காட்சி காண்பதற்குரிய பாதையாக்கினர். கைவிட்ட தடத்தையும் உதிரும் இலையையும் ஒருசேரப் போற்றிக்கொண்டனர். நம்மிடமும் கைவிட்ட தடம் ஒன்று உண்டு. உதிரும் இலையும் உண்டு.

நம் இருப்புப் பாதை

சிங்கப்பூர்த் தீவில் 1903ஆம் ஆண்டில் இரயில் ஓடத் தொடங்கியது. 1909இல் ஜோகூர்ப் பாதை நிறைவுற்றது. இரண்டுக்கும் இடையே கடல் நீரிணை. பயணிகள் படகேறிக் கடந்தனர். 1923இல் பாலத்தின்மீது இரயில் செல்லத் தொடங்கியது. தஞ்சோங் பகார் நிலையம் 1932இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அந்நிலையத்திலிருந்து வடக்கே வண்டிகள் சென்றன. 2011 ஜூன் 30ஆம் நாள் இரவு கடைசி வண்டி புறப்பட்டது. மறுநாள் முதல் நிலையம் மூடப்பட்டது. உட்லண்ட்ஸுக்குத் தெற்கே இருந்த தண்டவாளங்கள் அகற்றப்பட்டு, 24 கிலோமீட்டர்த் தடம் இன்று நடைபாதையாக விளங்குகிறது. புக்கிட் தீமா நிலையக் கட்டடமும் செப்பனிடப்பட்டு 2022இல் மீண்டும் திறக்கப்பட்டது.

இப்பாதையில் வண்டி ஓடிய நாள்களில், தைக் கடைசியிலும் மாசியிலும் பாலம் தாண்டி ஜோகூருக்குள் சென்றவர்கள், சன்னல் வழியே ஓர் அரிய காட்சியைக் கண்டிருப்பர். கூலாய், குளுவாங், சிகாமட் என நிலையங்கள் நகர நகர, நிரை நிரையாக இரப்பர் மரங்கள். பச்சை மங்கி, மஞ்சளாகிச் செம்பழுப்பேறிய இலைகள். ஒரே வாரத்தில் தோட்டம் முழுதும் மொட்டையாகி, வெயில் தரைவரை விழும் தோற்றம். அடுத்த சில வாரங்களில் செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும் தளிர். இதுவே நம் செவ்விலை இரயில். ஆனால் அதற்கென யாரும் பயணச்சீட்டு வாங்கியதில்லை.

இலை ஏன் சிவக்கிறது?

இலையின் பசுமைக்குக் காரணம் பச்சையம். அதனோடு மஞ்சள் நிறப் பொருள்களும் இலைக்குள் எப்போதும் உள்ளன. பச்சையத்தின் மிகுதியால் அவை கண்ணுக்குத் தோன்றுவதில்லை. மரம் ஓர் இலையைக் களைய முற்படும்போது, அதிலுள்ள பயன்தரு சத்துகளை முதலில் தண்டுக்கு மீட்டுக்கொள்கிறது. பச்சையம் சிதைகிறது, மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. சில மரங்களில் அந்தோசயனின் என்னும் செந்நிறப் பொருளும் அவ்வேளையில் புதிதாக உண்டாகிறது. பின்னர்க் காம்பின் அடியில் மெல்லிய பிரிவுப் படலம் தோன்ற, இலை உதிர்கிறது. ஆகவே, இலை உதிர்தல் மரத்தின் சாவன்று. அது மரம் செய்யும் சிக்கனம்.

குளிர்நாடுகளில் பகற்பொழுது குறுகுவதும் குளிர் மிகுவதும் இதற்குத் தூண்டுதல். நிலநடுக்கோட்டை அடுத்த நம் நாட்டில் அந்த வேறுபாடு மிகச் சிறிது. ஆதலால் இங்கே ஒவ்வொரு மரமும் தன்தன் கணக்கில் உதிர்க்கிறது. மலாய்க்காரர் "கெத்தாப்பாங்" என்றழைக்கும் நாட்டு வாதுமை, பொதுவாக ஆண்டுக்கு இருமுறை சிவந்து உதிர்க்கும். பூமலையில் பணியாற்றிய கார்னர் என்னும் அறிஞர், 1940இல் வெளியிட்ட மலாயாச் சாலையோர மரங்கள் பற்றிய நூலில் இம்மரங்களின் இயல்புகளை விரித்துரைத்துள்ளார்.

இரப்பர் மரம் பிரேசில் நாட்டது. 1877இல் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888இல் பூமலையின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டு பரப்பினார். வளர்ந்த இரப்பர் மரம் ஆண்டுதோறும் வறட்சி தலைகாட்டும் காலத்தில் இலை உதிர்க்கும். மலாயாவின் தென்பகுதியில் அது பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களையொட்டி அமையும். காட்டில் மரங்கள் வெவ்வேறு இனமாதலின் தனித்தனியே உதிர்க்கின்றன. தோட்டத்திலோ ஒரே இனம், ஒத்த வயது. ஆகவே கண்ணுக்கெட்டிய தூரம் ஒருசேரச் சிவந்தது.

சன்னலுக்கு வெளியே நின்றவர்கள்

இரயிலில் இருந்தவருக்கு அது காட்சி. மரத்தடியில் நின்றவருக்கு அது என்ன?

புதுத் தளிர் விடுவதற்கு மரம் தன் சேமிப்பைச் செலவிடுகிறது. அவ்வேளையில் பால் குறையும். மங்கு நிறையாது. எடைக்குக் கூலி பெற்றவருக்கு அந்த வாரங்களில் வருவாய் சுருங்கியது. வெட்டு நிறுத்தப்பட்ட இடங்களில் புல் வெட்டுவது போன்ற வேறு வேலையை நம்ப வேண்டியிருந்தது. நிழலற்ற நிரைகளில் வெயில் சுட்டது. காலடியில் சருகு மண்டியதால் தீப்பற்றும் அச்சமும் இருந்தது. ஊரார்க்குச் செந்நிறம் அழகின் அடையாளம். தோட்டத்து மக்களுக்கு அது கடைக்கணக்கு ஏறும் மாதத்தின் அறிவிப்பு.

1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தபின், கங்காணி வழியாகப் பல்லாயிரவர் தமிழகத்திலிருந்து இங்கு வந்தனர். 1938இல் இந்திய அரசு அதற்குத் தடை விதிக்கும்வரை அவ்வரவு தொடர்ந்தது. இன்று இலையுதிர் காலம் காண விமானம் ஏறும் குடும்பங்களுள் பல, அந்தச் சருகின்மேல் விடியுமுன் நடந்தவர்களின் வழிவந்தவை. பேரப்பிள்ளைகள் மகிழ்ச்சியாகச் சென்று வருவதில் குறையொன்றும் இல்லை. அதற்காகத்தானே அவர்கள் உழைத்தனர்! ஆனால், "நம் வீட்டில் எவரும் கண்டறியாத ஒன்று" என்று பிள்ளைகள் எண்ணுவதுதான் குறை.

தமிழ் தரும் துணை

"இலையுதிர் காலம்" என்னும் தொடர் மேனாட்டு நாற்பருவத்தைக் குறிக்க இன்று வழங்குவது. தொல்காப்பியர் கூறும் பெரும்பொழுது ஆறு: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இவற்றுள் இலையின் பெயரால் அமைந்தது ஒன்றும் இல்லை. மேனாட்டு இலையுதிர் மாதங்களோடு ஏறக்குறைய ஒத்துவரும் கூதிர், மழையும் வாடையும் உடையது. தமிழ் நிலத்தில் பல மரங்கள் இலை உதிர்ப்பது மாசி பங்குனியாகிய பின்பனியில். இரப்பர் மரம் உதிர்ப்பதும் அதனை ஒட்டியே. பாலைத் திணைக்கு வேனிலோடு பின்பனியையும் உரியதாக்கியது தொல்காப்பியம். பாலையின் உரிப்பொருள் பிரிவு. பொருள்தேடிக் கடல் கடந்தவர்களின் உழைப்பு நிலத்தில் இலை உதிர்ந்த பருவமும் பிரிவுக்குரிய பருவமும் பெரும்பாலும் ஒன்றாய் அமைந்தமை வகுப்பில் எடுத்துச் சொல்லத் தக்கது. இதனைத் தற்செயல் என்றே கொள்ளலாம். எனினும், பாலைப் பாட்டு ஒன்றைக் கற்பிக்கும்போது, அதனை மாணவன் உள்ளத்திற்கு அருகே கொணர இத்தற்செயல் உதவும்.

இலையின் வாழ்வைச் சொல்லும் சொற்களும் நம்மிடம் நிரம்ப உண்டு. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு எனப் படிப்படியாக அவை அமைந்துள்ளன. சிராங்கூன் சாலைக் கடைகளில் வாழையிலையும் வெற்றிலையும் மாவிலையும் கறிவேப்பிலையும் வாங்கும் பிள்ளைக்கு "இலை" தெரியும். "பழுப்பு" என்பதை அது வண்ணப் பெயராக மட்டுமே அறிந்திருக்கிறது. அச்சொல் முதிர்ந்து நிறம் மாறிய இலையையும் குறிக்கும் என்பதை மரத்தடியில் நின்று சொன்னால் மறக்குமா?

ஆசிரியர்கள் செய்யக்கூடியது

இன்று ஜோகூர் பாருவிலிருந்து வடக்கே செல்லும் இரயிலில் இருந்து காணின், இரப்பர் இருந்த இடங்களிற் பெரும்பகுதியில் எண்ணெய்ப்பனையே தோன்றும். அது ஒருசேர இலை உதிர்ப்பதன்று. ஆங்காங்கே எஞ்சிய இரப்பர் நிரைகள் பிப்ரவரியில் இன்னும் சிவக்கின்றன. பயணம் செல்ல இயலாதோர், புக்கிட் தீமா பழைய நிலையத்திலிருந்து தடத்தின்வழி மாணவரை நடத்திச் செல்லலாம். ஒவ்வொருவரும் ஒரு மரத்தைத் தமதாகக் கொண்டு, முதல் பழுப்பு, முழு உதிர்வு, முதல் தளிர் ஆகிய மூன்று நாள்களையும் குறிப்பேட்டில் எழுதட்டும். வீட்டில் முதியோர் இருப்பின், "பால் மரம் இலை உதிர்த்தபோது என்ன செய்தீர்கள்?" என்று கேட்டு, அவ்விடையையும் பக்கத்திலேயே எழுதட்டும்.

என் மாணவனின் கட்டுரையைத் திருத்தாமலே திருப்பிக் கொடுத்தேன். "பாட்டியிடம் கேட்டு மறுபடி எழுது" என்று மட்டும் அடியில் குறித்தேன். இரண்டாம் கட்டுரை இரு பக்கம் நீண்டு வந்தது. அதில் எழுத்துப் பிழைகள் மிகுதி. ஆயினும் அதற்குச் சரிக்குறி இட என் கை தயங்கவில்லை.