இரண்டு பானைகளில் தொடங்கிய மாநாடு

திருக்கோவிலூர் என்றதும் வைணவர்களுக்கு நினைவுக்கு வருவது ஓர் இடைகழி. மழை இரவில் பொய்கையார் அங்கே ஒதுங்கினார், பூதத்தார் வந்து சேர்ந்தார், பேயாரும் நுழைந்தார். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம், அவ்வளவுதான் இடம். நான்காவதாக யாரோ நெருக்குவதை உணர்ந்து மூவரும் பாடத் தொடங்கினார்கள் என்பது ஐதிகம். சைவர்களுக்கு இது அந்தகனை அழித்த வீரட்டத் தலம். தமிழாசிரியர்களுக்கோ தென்பெண்ணை நடுவே நிற்கும் கபிலர் குன்று. இப்படிப்பட்ட ஊரில் கடவுளை நடுவில் வைக்காத ஒரு மாணவர் மாநாடு நடத்தலாம் என்று பேச்செடுத்தால், "எதுக்குங்க வம்பு?" என்றுதான் கேட்பார்கள்.

தமிழ்நாட்டில் முன்பு இப்படி ஒரு மாநாடு நடந்ததும் கோயில்கள் நிறைந்த ஊரில்தான். அதற்குக் காரணம் கடவுள் அல்ல, குடிதண்ணீர். கும்பகோணம் அரசுக் கல்லூரி விடுதியில் பிராமண மாணவர்களுக்கு ஒரு பானை, மற்றவர்களுக்கு வேறு பானை. பானை மாற்றித் தண்ணீர் குடித்ததில் எழுந்த சண்டை, 1943 டிசம்பரில் திராவிட மாணவர் கழகமாக உருவெடுத்தது. பின்னாளில் பெரியாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய கவிஞர் கருணானந்தம் அதைத் தொடங்கிய மாணவர்களில் ஒருவர். 1944 பிப்ரவரியில் கும்பகோணத்திலேயே மாநாடு கூட்டினார்கள். நீதிக்கட்சி சேலத்தில் கூடித் திராவிடர் கழகம் என்று பெயர் மாற்றிக்கொண்டது அதே ஆண்டு ஆகஸ்டில்தான். தாய்க்கு முன்னே பிறந்த பிள்ளை! மாணவர் கழகத்தின் பவள விழா மாநாடும் 2018இல் அதே கும்பகோணத்தில் நடந்தது.

இன்றும் கூட்டங்களுக்குக் குறைவில்லை. ஆண்டுதோறும் குற்றாலத்தில் பெரியாரியல் பயிற்சிப் பட்டறை நடக்கிறது. தஞ்சை வல்லத்தில் சிறுவர்களுக்கென்றே 'பழகு முகாம்' உண்டு. திருச்சியில் உலக நாத்திகர் மாநாடே கூடியிருக்கிறது. அந்த மாநாட்டு வரிசையைத் தொடங்கியது நாத்திகச் சிந்தனையாளர் கோரா நிறுவிய விஜயவாடா நாத்திக மையம். முதல் மாநாடு நடந்தது 1972இல்.

ஆனால் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நம் பகுத்தறிவு மேடைகள் பலவும் மற்ற மேடைகளைப் போலவே ஆகிவிட்டன. நாற்பதடி பிளெக்ஸ், பொன்னாடை, "அடுத்ததாக நம் அனைவரின்..." என்று நீளும் அறிமுகம். பேசுகிறவர் இரண்டு மணி நேரம் பேசுகிறார். பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கும் மாணவன் கைதட்டுகிறான். மைக் அவன் கைக்கு வருவதே இல்லை. கேள்வி கேட்கக் கற்றுத்தர வந்த இடத்தில் கேள்வி நேரம் கிடையாது என்றால், அது வேறொரு பிரசங்கம்தான்.

வேறு மாதிரியான கூட்டங்களும் உண்டு. 1993 முதல் நாடு முழுவதும் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டைத் தமிழ்நாட்டில் ஒருங்கிணைப்பது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 'துளிர்' சிறுவர் அறிவியல் இதழை நடத்துபவர்களும் இவர்களே. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, வீடு வீடாகக் கேட்டு, அளந்து, அட்டையில் எழுதிக்கொண்டு வருவார்கள். நடுவர் "எப்படித் தெரியும்?" என்று கேட்பார். பதில் சொல்ல வேண்டியது பிள்ளை. இந்த "எப்படித் தெரியும்?" தான் எனக்கு முக்கியம்.

'மந்திரமா, தந்திரமா' நிகழ்ச்சியும் அப்படித்தான். போத்தனூரில் வாழ்ந்த பி. பிரேமானந்த் சாமியார்களின் வித்தைகளை ஊர் ஊராகச் செய்துகாட்டிப் பலரைப் பழக்கியவர், 2009இல் காலமானார். கறுத்த ஊதாத் துகளைக் குவித்து, அதன்மேல் சில சொட்டு கிளிசரின் விட்டு, நடுவில் மந்திரம் முணுமுணுத்தால் சில நொடிகளில் புகைந்து தீப்பிடிக்கும். துகள் பொட்டாசியம் பெர்மாங்கனேட். மந்திரம் அந்தச் சில நொடிகளைக் கடத்த மட்டும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்யக்கூடாது.

எனக்குப் பிடித்தது இதைவிட எளியது. தட்டில் மஞ்சள் தண்ணீர். சுண்ணாம்பு தடவிய விரலை விட்டால் ரத்தச் சிவப்பு. கூட்டம் வாய்பிளக்கும்போது, கடைசி வரிசையில் ஏதாவது ஒரு பெண் பிள்ளை "ஆரத்தி கரைச்சா இப்படித்தானே வரும்?" என்று கேட்டுவிடும். அதே தண்ணீரில் எலுமிச்சை பிழியச் சொன்னால் சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பும். காரமும் அமிலமும் எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து எழுந்து அம்மாவின் ஆரத்தித் தட்டுக்கு வந்துவிடுகின்றன. யார் நம்பிக்கையையும் திட்ட வேண்டியிருக்கவில்லை.

இதெல்லாம் விளையாட்டுக்கு என்று நினைப்பவர்கள் 2024 ஆகஸ்டில் சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளியில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆன்மிகப் பேச்சாளர் ஒருவர், உடற்குறை முன்ஜென்மப் பாவத்தின் பலன் என்று மாணவிகள் முன் பேசினார். பார்வைக் குறைபாடுள்ள ஆசிரியர் ஒருவர் எழுந்து எதிர்த்துக் கேட்டார். அதுவும் மாணவர் கூட்டம்தான். அந்த அரங்கில் அறிவியல் மனப்பான்மை இருந்தது மேடையில் அல்ல, அந்த ஆசிரியரிடம். அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு, அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது. 1976 திருத்தத்தில் சேர்ந்தது அது.

மனிதநேயம் என்ற பாதியை மறந்துவிடக்கூடாது. கும்பகோணத்துப் பானைக்கு ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியல் சமூகத்தினரின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நாங்குநேரியில் பள்ளி மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, சாதிக் கயிறு கட்டிப் பள்ளிக்கு வருவதைத் தடுக்கப் பரிந்துரைத்தது. கயிற்றை அறுக்க ஆணை போதும்; அது ஏன் வேண்டாம் என்று பிள்ளைகளே உட்கார்ந்து பேசவும் ஓர் இடம் வேண்டுமே.

திருக்கோவிலூர் இருக்கும் நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு இப்படி ஓர் இடம் இன்னும் அவசரம். 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். "கண்ணு மங்கலா தெரியுது" என்று அப்பா சொன்னால் அடுத்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தெரிந்த ஒரு பிள்ளை வீட்டுக்கு வீடு இருக்க வேண்டாமா? அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் இதே மாவட்டத்துக் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது.

மாநாடுகள் திருச்சியிலும் சென்னையிலும் நடந்தால் அந்த மலையிலுள்ள வெள்ளிமலைப் பிள்ளைக்கு எட்டாது. மலையிறங்கி, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி வந்து, இன்னொரு பஸ் பிடித்தால் திருக்கோவிலூருக்காவது வந்துவிடலாம். மூடநம்பிக்கைகளுக்கு எதிராகப் போராடிய நரேந்திர தபோல்கர் 2013இல் கொல்லப்பட்ட ஆகஸ்ட் 20, மக்கள் அறிவியல் இயக்கங்களால் தேசிய அறிவியல் மனப்பான்மை நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த நாளில் ஊரிலுள்ள தலைமையாசிரியர்கள் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடட்டும். பிளெக்ஸ் வேண்டாம், பொன்னாடை வேண்டாம். அந்தப் பணத்தை மலைப் பிள்ளைகளின் பஸ் செலவுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் கொடுங்கள். பெரியவர்களுக்குப் பத்து நிமிடம். மீதி நேரமெல்லாம் மைக் பிள்ளைகளிடம் இருக்கட்டும். எல்லோருக்கும் ஒரே தண்ணீர்க் குடம் வையுங்கள்.